என்ன வேலை செய்கிறீர்கள்? – போலுப்பள்ளியில் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும்,



2021 ஆகஸ்ட் 5 அன்று சூளகிரிப் பக்கம் உள்ள சாமனப்பள்ளியில் ஒரு வீட்டு வாசலுக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மாத்திரைப் பெட்டகத்தோடு போனார். 'மக்களைத் தேடி மருத்துவம்' அப்படித்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை, படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு வலி தணிக்கும் சிகிச்சை, இயன்முறைப் பயிற்சி, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் திரவப் பை என்று அதுவரை ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கியவை வீட்டைத் தேடி நடக்க ஆரம்பித்தன. 2024 செப்டம்பரில் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா.வின் பல அமைப்புகள் சேர்ந்த பணிக்குழுவின் விருதும் கிடைத்தது. உங்கள் கல்லூரி பிறந்தது சாமனப்பள்ளிக்கு ஐந்து மாதம் கழித்து. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட தமிழ்நாட்டின் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று.

வீடு தேடிப் போகும் திட்டத்துக்கு அவசரம் ஏன் வந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வின்படி வயது வந்தவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு உயர் இரத்த அழுத்தம். அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. நீரிழிவு இருந்தவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது 10.8 விழுக்காட்டினருக்கு. மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் பேர் போன மாநிலத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. நல்ல டாக்டர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நோயாளி ஒவ்வொருவரையும் மாதாமாதம் நினைவில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு இந்த மடல் வருவதற்குக் காரணம் அந்த ஆள்தான்.

உங்கள் மாவட்டத்து ஓசூரை ஒருமுறை நோயாளியின் கண்ணால் பாருங்கள். சிப்காட் லைன் வீடு ஒன்றில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், மாமியார் ஊரில் கன்னடம். உதிரிபாகம் செய்யும் சிறிய யூனிட்டில் காண்ட்ராக்டில் வேலை, வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். தலைசுற்றல் வந்ததும் முதலில் போனது மெடிக்கல் ஷாப்புக்கு. அடுத்து தெருமுனை கிளினிக், ஒரு ஊசி. பிறகு ஜி.எச்., இ.சி.ஜி. எடுத்துப் 'பெரிய இடத்துக்குப் போங்க' என்று சீட்டு. அத்திப்பள்ளியைத் தாண்டி பொம்மசந்திராவில் ஒரு எக்கோ. ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை பிரஷர் பார்த்தார்கள். ஐந்து இடம், ஐந்து சீட்டு, எல்லாம் ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள். ஒவ்வொரு டாக்டரும் அவர் உடம்பின் ஒரு துண்டைப் பார்த்திருக்கிறார். முழு ஆளைப் பார்த்தது அந்தப் பை மட்டும்தான்.

எல்லைப் பகுதிக்கே உரிய சங்கடம் இது. சென்னை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. பெங்களூரு நாற்பதே கிலோமீட்டர். நிம்ஹான்ஸ், செயின்ட் ஜான்ஸ், பொம்மசந்திராவின் இருதய மருத்துவமனை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், மூளைக்கும் இருதயத்துக்கும் உலகத் தரமான வைத்தியம் கிடைக்கும் ஊர் என்று ஓசூர்க்காரர் பெருமைப்படலாம். பெருமை நியாயம்தான். ஆனால் ஜூஜூவாடியைத் தாண்டியதும் மாநிலம் மாறுகிறது, பதிவேடு மாறுகிறது, தொடர்ந்து பார்க்க வேண்டிய செவிலியருக்கு அந்த நோயாளி கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்.

அந்த ஐந்து சீட்டில் எதிலாவது அவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதியிருக்குமா?

பெர்னார்டினோ ராமசீனி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கக்கூஸ் குழி அள்ளுபவர், குயவர், கண்ணாடி ஊதுபவர், கல் உடைப்பவர் என்று தொழில் தொழிலாகப் போய் விசாரித்து எழுதியது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்' என்பதையும் சேர்த்துக் கேள் என்பது அவர் மருத்துவ உலகுக்கு விட்டுப்போன வேண்டுகோள். முந்நூறு ஆண்டு கழிந்தும் நம் ஓ.பி. சீட்டில் பெயர், வயது, பால் இருக்கும், தொழில் இருக்காது. இருந்தால் 'கூலி'. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூலி என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான்.

ஏனென்றால் இங்கே கூலிக்கு எத்தனை முகம்! கிரானைட் குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் இருப்பவரின் நெஞ்சில் இறங்குவது சிலிக்கா தூசு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவீர்கள், சரிதான். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் வேர்விடும் என்பதால் வேலையைக் கேட்காமல் கொடுக்கும் ஆறு மாத மாத்திரை பாதி வைத்தியம்தான். நோயாளி குணமாகி அதே தூசுக்குத் திரும்பிப் போவார். ஓசூர் ரோஜாவுக்குப் பேர் போனது. பசுமைக்குடிலுக்குள் மருந்தடிப்பவர் தலைவலி, வாந்தி, கண் மங்கல் என்று வந்தால் மைக்ரேன் என்று எழுதிவிடுவது சுலபம். பிரஸ் ஷாப்பில் இருப்பவர் மனைவி சொல்லித்தான் தன் காது மந்தமானதை அறிவார். மாம்பழச் சீசனில் கூழ் ஆலைக்கு ஓடும் பெண்கள் சிறுநீர் கழிக்க நேரமில்லாமல் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதை எந்த ஸ்கேனும் காட்டாது.

நைட் ஷிப்ட்காரரின் சுகர் தனிக் கதை. 'காலை சாப்பாட்டுக்கு முன், இரவு சாப்பாட்டுக்கு முன்' என்று மாத்திரைக் கவரில் எழுதிக் கொடுக்கிறோம். அவருக்குக் காலை என்பது தூங்கப் போகும் நேரம். இரவுச் சாப்பாடு நள்ளிரவு கேன்டீனில். இன்சுலின் போடுபவர் என்றால் அந்தக் குழப்பம் அவரைக் கன்வேயர் பக்கத்திலேயே மயங்க வைக்கும். ஷிப்ட் அட்டவணையைக் கேட்டு மருந்து நேரத்தைத் திருத்தி எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தை அடுத்த வாரம் ஷிப்ட் மாறும்போதும் தர வேண்டும். அதாவது அவரை மறுபடி பார்க்க வேண்டும். அதே டாக்டர் பார்க்க வேண்டும். குடும்ப மருத்துவம் என்று உலகம் சொல்வது இதைத்தான். சளிக்கும் காய்ச்சலுக்கும் மாத்திரை தரும் சின்ன டாக்டர் வேலை என்று அதை நினைப்பவர்கள் உங்கள் பேராசிரியர்களிலும் உண்டு.

சட்டம் இந்த விஷயத்தில் மருத்துவரைச் சும்மா விடவில்லை. பட்டியலிடப்பட்ட தொழில்நோய் ஒரு தொழிலாளிக்கு இருப்பதைக் கண்டால், அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 89-வது பிரிவு சொன்னது. அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற பேதம் அதில் இல்லை. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்தக் கடமையைக் கைவிடவில்லை. சிலிகோசிஸ், இரைச்சலால் வரும் காது மந்தம் இரண்டுமே இழப்பீட்டுக்கு உரியவை. நீங்கள் எழுதாத ஒரு வரியால் ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் வராமல் போகும்.

இனி பர்ஸுக்குள் இருக்கும் ஒரு அட்டையைப் பற்றிப் பேசலாம். இ.எஸ்.ஐ.யைத் திட்டாத தொழிலாளி ஓசூரில் அரிது. வரிசை, மருந்தில்லை, நாள் வீண், எல்லாம் உண்மை. ஆனாலும் அதன் அடிப்படைக் கணக்கைக் கவனியுங்கள். 15,000 ரூபாய் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, 487 ரூபாய் 50 காசு. ஆக மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200. இதற்கு ஈடாகத் தொழிலாளியும் மனைவி மக்களும் ஒரு குறிப்பிட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தோடு இணைக்கப்படுகிறார்கள். இன்ன குடும்பம், இன்ன மருந்தகம், இன்ன டாக்டர்! குடும்ப மருத்துவத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. 1948-ல் சட்டமாகி, 1955-ல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்த ஏற்பாடு அது. எலும்பு மேல் சதை போர்த்த நமக்கு எழுபது ஆண்டு போதவில்லை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் அந்த அட்டையும் கைநழுவும் என்பது இன்னொரு வேடிக்கை. 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. பதவி உயர்வு வந்த கையோடு பேமிலி டாக்டரை இழப்பவர் இந்தியத் தொழிலாளியாகத்தான் இருப்பார்.

உழைப்பாளிகளின் ஊரில் ஒரே டாக்டர் தங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜூலியன் டியூடர் ஹார்ட் 1961-ல் வேல்ஸ் நாட்டின் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்துக்குப் போனார். கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். வந்தவருக்கு மட்டும் பார்க்காமல், ஊரில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தம் பார்த்துப் பட்டியல் போட்டார். வராதவரைப் பட்டியலைப் பார்த்துத் தேடிப் பிடித்தார். இருபத்தைந்து ஆண்டு முடிவில், பக்கத்திலிருந்த அதே மாதிரி ஏழைக் கிராமத்தோடு ஒப்பிட்டால், அவர் ஊரில் 65 வயதுக்குள் நேரும் மரணம் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. யாருக்கு வைத்தியம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் அவர் எழுதிய கட்டுரையை உங்கள் சமூக மருத்துவப் பாடத்தில் கண்டிருப்பீர்கள். அதை எழுதியவர் கிராமத்து டாக்டர் என்பது பாடத்தில் வந்ததா?

வளைகுடா என்றால் நம் ஊரில் விசா, தங்கம், பேரீச்சம்பழம். அங்கே மருத்துவத்தில் நடந்த ஒரு காரியம் அதிகம் பேசப்படுவதில்லை. 1978 செப்டம்பரில் அல்மா-ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரமே எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்று அறிவித்தன. மறு ஆண்டே பஹ்ரைன் குடும்ப மருத்துவத்துக்குத் தனிப் பயிற்சி தொடங்கிவிட்டது. வளைகுடாவுக்கு வெளியே, பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் 1979-லேயே தொடக்கம். பஹ்ரைன் சின்னத் தீவு. அங்கே சுகாதார நிலைய டாக்டர் என்பவர் மேற்படிப்புக்கு இடம் கிடைக்காதவர் அல்லர்; அந்த நிலையத்துக்கென்றே மேற்படிப்பு முடித்தவர். ஓமன் கதை இன்னும் சுவாரசியம். 1970-ல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாடு முழுவதும் சேர்த்துத் தார்ச்சாலை சுமார் பத்து கிலோமீட்டர். முப்பது ஆண்டு கழித்து உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சுகாதார அமைப்புகளின் தரவரிசையில் ஓமனுக்கு 8-வது இடம், இந்தியாவுக்கு 112-வது. அந்தத் தரவரிசையின் கணக்குமுறையை நிபுணர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், நிறுவனமும் மறுபடி அந்த வேலைக்குப் போகவில்லை என்பது வேறு விஷயம். பாலைவனக் கிராமம்தோறும் சுகாதார நிலையம் எழுந்ததும் குழந்தைச் சாவு சரிந்ததும் கணக்குமுறையால் வந்தவை அல்ல.

எகிப்து சொல்லும் பாடம் கசப்பானது. நைல் கரையில் நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950-கள் முதல் அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. கண்ணாடி ஊசிகளைச் சரியாகக் கொதிக்க வைக்காததால் ஒரு தலைமுறைக்கே ஹெபடைட்டிஸ் சி தொற்றியது. ஆரோக்கியம் தர வந்த முகாமே நோயைக் கொடுத்தது. அதே எகிப்து 2018 அக்டோபரில் 'பத்துக் கோடி ஆரோக்கியம்' என்ற இயக்கத்தைத் தொடங்கி, ஏழே மாதத்தில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைச் சோதித்தது. தொற்று இருந்தவருக்கு இலவச மருந்து. கூடவே பிரஷர், சுகர், எடை எல்லாம் பார்த்தார்கள். 2023-ல் ஹெபடைட்டிஸ் சி-யை ஒழிக்கும் பாதையில் பொன் நிலையை எட்டிய முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் எகிப்தை அறிவித்தது. தெருமுனை ஊசி மேல் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நினைத்தால், எகிப்தின் முதல் பாதிக் கதையை ஓசூர் கிளினிக் சுவரில் ஒட்டலாம்.

வளைகுடாவைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த அரசு சுகாதார நிலையங்களின் இலவசக் கதவு குடிமக்களுக்கு. சாலையும் கட்டடமும் எழுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, அதில் நம்மவர் எத்தனையோ பேர், பெரும்பாலும் தனியார் கிளினிக்கும் காப்பீட்டு அட்டையும்தான். லேபர் கேம்ப் அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த கதையை ஊர் திரும்பிய எந்த அண்ணனும் சொல்வார். இப்போது சக்கரம் சுற்றி வந்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓசூரிலும் பேகேப்பள்ளியிலும் ஒரே அறையில் பாய்க்குப் பாய் ஒட்டிப் படுக்கிறார்கள். ஜார்க்கண்ட் பெண்கள் கெலமங்கலம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் ஆலை விடுதிகளில் இருக்கிறார்கள். சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டத்தின் தன்னார்வலர் அக்கா பகலில் கதவைத் தட்டும்போது இவர்கள் ஆலைக்குள் இருப்பார்கள், அல்லது நைட் ஷிப்ட் முடித்து அடித்துப்போட்டதுபோல் தூங்குவார்கள். இந்த ஓட்டை அரசுக்கும் தெரிந்துதான் 2024 ஜனவரியில் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று ஆலைக்குள்ளேயே பரிசோதனை தொடங்கினார்கள். நல்லது. பெரிய ஆலையின் கேட்டுக்குள் அது நுழைந்துவிடும். ஷட்டர் போட்ட ஆறுபேர் யூனிட்டுக்குள் யார் நுழைவது?

மொழி ஒரு தடையே அல்ல என்று இங்கே வேலை பார்த்த எந்தச் செவிலியரும் சொல்வார். தமிழில் நோவு, கன்னடத்திலும் நோவு, தெலுங்கில் நொப்பி. இந்தியில் தர்த் என்று ஒரு சொல் கற்றுக்கொண்டால் தளியிலிருந்து பர்கூர் வரை வலியைக் கேட்டுவிடலாம். வலி எப்போது தொடங்கியது, வீட்டில் யார் சமைக்கிறார்கள், ஊருக்கு எவ்வளவு பணம் அனுப்புகிறாய் என்று கேட்கத்தான் இன்னும் கொஞ்சம் மொழி வேண்டும்.

உங்களில் பலர் இந்நேரம் முனகியிருப்பீர்கள்: 'எம்.பி.பி.எஸ்.ஸோடு நின்றால் கல்யாணப் பத்திரிகையில்கூட மரியாதை இல்லை.' முனகலில் நியாயம் உண்டு. குற்றம் உங்களுடையது அல்ல. எம்.பி.பி.எஸ். படிக்கும் இத்தனை ஆண்டில் குடும்ப மருத்துவத்துக்கென்று கட்டாயத் துறையோ பேராசிரியரோ இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பு இடங்களில் 50 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் அந்த உரிமையை உறுதிசெய்தது. அஞ்செட்டி போன்ற ஊருக்கும் டாக்டர் வருவதற்கு அந்த ஒதுக்கீடு பெரிய காரணம். ஆனால் வருகிறவர் இரண்டு மூன்று ஆண்டில் எலும்புக்கோ கண்ணுக்கோ கதிரியலுக்கோ போய்விடுகிறார். ஆரம்ப சுகாதார நிலையம் ஏணியின் முதல் படியாகிவிட்டது. படியில் யாராவது குடியிருப்பார்களா?

குடியிருப்பதற்கு வழியே இல்லாமலும் இல்லை. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் இருக்கிறது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., வேலையில் இருக்கும் டாக்டர்களுக்காகவே இரண்டு ஆண்டு தொலைநிலைப் பட்டயம் நடத்தியது. அதன் தாரக மந்திரம், குறைவாக வெளியே அனுப்பு, நிறைய இங்கேயே தீர்த்துவை. எல்லை தாண்டி அனுப்பியே பழகிய ஓசூருக்கென்றே சொன்னது போலில்லை? பெரிய இடத்துக்குப் போ என்ற சீட்டில் எத்தனை உண்மையில் தேவை என்று உங்கள் கல்லூரியே ஒரு ஆண்டு கணக்கெடுத்துப் பார்க்கலாம். அரசு செய்ய வேண்டியது தனியே இருக்கிறது: சுகாதார நிலையத்திலேயே தங்கும் குடும்ப மருத்துவருக்கு மற்ற நிபுணருக்கு இணையான பதவியும் ஊதியமும், போலுப்பள்ளியில் குடும்ப மருத்துவத்துக்கு ஒரு துறை. இதைக் கேட்கும் உரிமை மற்ற எவரையும்விட உங்களுக்கு அதிகம்.

கடைசியாக, 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. 2021-22-ல் சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மருத்துவ மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் படிப்புக் காலம் முழுதும் பின்தொடர வேண்டும் என்பது அது. உங்கள் கல்லூரியின் முதல் அணியே அந்த விதியின் முதல் அணி. பலருக்கு அது கையெழுத்து வாங்கி மூடிய ஒரு ரெக்கார்டு நோட்டு. அந்த வீடுகளுக்கோ வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து தங்கள் எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்ட நாள்.

நோட்டைத் தேடி எடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் இல்லாத ஆள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அதே வீட்டுக்குப் போய் வாருங்கள். பிரஷர் பாருங்கள். பிறகு பேனாவைத் திறந்து, எந்த கம்பெனி, எந்த மெஷின், எத்தனை வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.